சோலாரிஸ் 9 சர்வரில் உள்ள டி1000 வட்டுப் பெட்டியைச் சோலாரிஸ் 10 சர்வருக்கு மாற்றுதல்: தரவு அழியாமல் செய்வது எப்படி?

இரவுப்பணி:

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் சன் என்டர்பிரைஸ் 450 சர்வர் ஒன்று சோலாரிஸ் 9 இயங்குதளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனுடன் ஸ்டோரெட்ஜ் டி1000 வட்டுப் பெட்டி ஒன்று இணைந்துள்ளது. பெட்டியில் 36 ஜிகாபைட் வட்டுகள் 12 இருக்கின்றன. பெட்டியை இரண்டு பஸ்ஸாகப் பிரித்து, ஆறு வட்டுகள் ஒரு கன்ட்ரோலரிலும் ஆறு வட்டுகள் இன்னொன்றிலும் வருமாறு அமைத்திருக்கிறோம். மேலே பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் சோலாரிஸ் வால்யூம் மேனேஜர், அதற்கு மேலே யுஎஃப்எஸ் கோப்பு முறைமை. இந்தப் பெட்டியை அப்படியே கழற்றி, சோலாரிஸ் 10 நிறுவப்பட்ட சன் ஃபயர் வி240 சர்வரில் மாட்ட வேண்டும்.

தரவு ஏறக்குறைய 190 ஜிகாபைட் இருக்கும். புதிய சர்வரின் உள் வட்டுகளில் அவ்வளவு இடமில்லை. ஆகவே பிணையம் வழியாக நகலெடுத்துவிட்டுப் பழைய பெட்டியை ஓய்வுக்கு அனுப்பும் வழி எனக்கில்லை. வட்டுகளில் உள்ள ஒரு பிட்டும் மாறாமல் பெட்டி இடம் மாற வேண்டும். கேபிளை மாற்றிவிட்டு டெவ்எஃப்எஸ்ஏடிஎம் கட்டளையை இயக்கினால் வட்டுகள் தெரிந்துவிடும் என்பது வரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு மெட்டாடிவைஸ்கள், அதாவது வால்யூம் மேனேஜர் சேர்த்துக் காட்டும் வட்டுத் தொகுதிகள், தாமாக வந்துவிடுமா, அல்லது நான் மீண்டும் உருவாக்க வேண்டுமா? உருவாக்கினால் உள்ளே இருப்பது அழிந்துவிடுமா? பழைய சர்வர் அன்றிரவும் டிஎன்எஸ் வேலைக்காக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை.

செம்புக்கம்பி:

மென்பொருளுக்குப் போவதற்கு முன் கேபிளிலேயே ஒரு பெரிய தடை இருக்கிறது. டி1000-இன் வட்டு இணைப்பு உயர் மின்னழுத்த வேறுபாட்டு ஸ்கஸி, அதாவது எச்விடி வகை. வி240-இன் பின்புறம் இருக்கும் ஸ்கஸி போர்ட் குறைந்த மின்னழுத்த வேறுபாட்டு வகை, அதாவது எல்விடி. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. கனெக்டரின் வடிவத்தை மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. கேபிள் பொருந்திவிடும், திருகும் இறுகிவிடும், ஆனால் ஒரு வட்டும் தெரியாது. நல்ல எல்விடி கருவி எதிரே எச்விடி இருப்பதை உணர்ந்து தன் சுற்றை விலக்கிக்கொள்ளும். பழைய ஒற்றைமுனைக் கருவியாக இருந்தால் அதன் சுற்றே எரிந்துபோகலாம். ஆகையால் "மாட்டித்தான் பார்ப்போமே" என்ற சோதனை இங்கே கூடவே கூடாது.

உங்கள் 450-இல் இப்போது இருப்பது எக்ஸ்6541ஏ என்ற இரட்டைச் சேனல் அட்டையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதே வகை அட்டை ஒன்று புதிய சர்வருக்கும் வேண்டும். அது ஜிஎல்எம் டிரைவரில் ஓடுவதால் சோலாரிஸ் 10-இல் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் வி240-இன் எந்த ஸ்லாட்டில் அதைச் செருகலாம் என்பதைச் சர்வரின் ஆவணத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பழைய சர்வரில் இருக்கும் அட்டையையே பிடுங்கி மாட்டலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால், ஏதேனும் தவறிப்போய்ப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவர நேரும்போது பழைய சர்வரையும் மீண்டும் திறக்க வேண்டியிருக்கும். இரண்டாவது அட்டை ஒன்றைத் தேடி வாங்குவதே நல்லது.

பஸ்ஸின் கடைசி முனையில் மாட்டும் டெர்மினேட்டர்களும் எச்விடி வகையாகவே இருக்க வேண்டும். இரண்டு பஸ் என்றால் இரண்டு டெர்மினேட்டர். பெட்டியின் பின்னால் உள்ள டிப் சுவிட்சுகள்தான் எந்தப் பாதிக்கு எந்த டார்கெட் எண்கள் என்பதை முடிவு செய்கின்றன. அவை இப்போது இருக்கும் நிலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கை பட்டு மாறிவிடும்.

பழங்கன்சோல்:

செம்புக்கம்பி சொன்னது முதல் தடை. இரண்டாவது தடை வட்டின் தரவுக்குள் இல்லாத ஒன்று.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: மெட்டாடிவைஸ்கள் தாமாக வராது. டி10 போன்ற ஒரு மெட்டாடிவைஸ் எந்தெந்த ஸ்லைஸ்களால் (வட்டுப் பிரிவுகளால்) ஆனது, எந்த வரிசையில், எவ்வளவு இன்டர்லேஸுடன் (ஒரு வட்டில் ஒரு தடவைக்கு எழுதும் துண்டின் அளவு) என்ற விவரமெல்லாம் வால்யூம் மேனேஜரின் ஸ்டேட் டேட்டாபேஸ் பிரதிகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சர்வர்களுக்கிடையே மாற்றக்கூடிய வட்டுத் தொகுப்பான டிஸ்க்செட் எதையும் நீங்கள் உருவாக்கவில்லை என்றால் அந்தப் பிரதிகள் பழைய சர்வரின் உள்ளூர்த் தொகுப்பைச் சேர்ந்தவை. அவற்றைப் புதிய சர்வர் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. மெட்டாஇம்போர்ட் கட்டளை டிஸ்க்செட்டுகளுக்காக எழுதப்பட்டது. ஆகவே நீங்கள் புதிய சர்வரில் மெட்டாஇனிட் மூலம் அதே அமைப்பை மறுபடியும் கட்ட வேண்டும். சரியாகச் செய்தால் தரவு அப்படியே இருக்கும். தவறாகச் செய்தால் ஒரே கட்டளையில் போய்விடும்.

மேலே போவதற்கு முன் பழைய சர்வரில் "மெட்டாஸ்டாட் -பி", "மெட்டாடிபி -ஐ" ஆகிய இரண்டின் வெளியீட்டையும் இங்கே போடுங்கள்.

நாடாக்காப்பு:

நான் குறுக்கிடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்பதால் நகலெடுக்க வழியில்லை என்கிறீர்கள். பழைய சர்வரின் 100 மெகாபிட் பிணையத்தில் வினாடிக்கு 10 மெகாபைட் என்று கணக்கிட்டாலும், 190 ஜிகாபைட் போய்ச்சேர ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகும். ஒரு வாரத்துக்கு வேறோர் இடத்தில் 200 ஜிகாபைட்டைக் கடன் வாங்கினால் இந்த அபாயமே இல்லை. அதுவும் முடியாவிட்டால், யுஎஃப்எஸ்டம்ப் நிலை 0, அதாவது முழுக் காப்புநகல், நாடாவில் எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளையாவது யுஎஃப்எஸ்ரீஸ்டோர் கொண்டு மீட்டுப் பார்க்காமல் பெட்டியைத் தொடாதீர்கள். எழுதப்பட்ட நாடா வேறு, படிக்கப்பட்ட நாடா வேறு.

இன்னொன்று. பல ஆண்டுகளாக நிற்காமல் சுழன்றுகொண்டிருக்கும் வட்டுகளை அணைத்தால், அவற்றில் சில மறுபடியும் சுழலாது. பெட்டியை இடம் மாற்றுவதில் நான் கண்ட இழப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வந்தன.

இரவுப்பணி:

மூவருக்கும் நன்றி. அட்டை எக்ஸ்6541ஏ தான், இன்னொன்றுக்குச் சொல்லிவிட்டேன். நாடாவில் நிலை 0 ஒவ்வொரு வார இறுதியிலும் எடுக்கிறோம். மீட்டுப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், இந்த வாரம் பார்த்துவிடுகிறேன். தற்காலிக இடம் கேட்டேன், கிடைக்கவில்லை.

பழங்கன்சோல் கேட்ட மெட்டாஸ்டாட் வெளியீடு இது (-எம் என்பது மிரர், அதாவது ஒரே தரவின் இரண்டு நகல்கள்; -ஆர் என்பது ஒரு வட்டு போனாலும் தாங்கும் ரெய்டு 5; சி2டி0டி0எஸ்0 என்றால் கன்ட்ரோலர் 2, டார்கெட் 0, வட்டு 0, ஸ்லைஸ் 0):

டி10 -எம் டி11 டி12 1
டி11 1 3 சி2டி0டி0எஸ்0 சி2டி1டி0எஸ்0 சி2டி2டி0எஸ்0 -ஐ 32பி
டி12 1 3 சி3டி8டி0எஸ்0 சி3டி9டி0எஸ்0 சி3டி10டி0எஸ்0 -ஐ 32பி
டி20 -ஆர் சி2டி3டி0எஸ்0 சி3டி11டி0எஸ்0 சி2டி4டி0எஸ்0 சி3டி12டி0எஸ்0 சி2டி5டி0எஸ்0 சி3டி13டி0எஸ்0 -கே -ஐ 32பி

மெட்டாடிபி மொத்தம் ஆறு பிரதிகளைக் காட்டுகிறது. உள் வட்டில் சி0டி0டி0எஸ்7-இல் இரண்டு, பெட்டியில் சி2டி0டி0எஸ்7-இல் இரண்டு, சி3டி8டி0எஸ்7-இல் இரண்டு. இதை நிறுவிய காலத்தில் ஒருவர் கையால் எழுதி வைத்த எம்டி.டேப் கோப்பும் (மெட்டாஇனிட் படிக்கும் அமைப்புக் கோப்பு) இருக்கிறது. அதில் டி20 வரி ஏறக்குறைய இதேதான். "-கே" மட்டும் இல்லை. அந்தக் கோப்பைப் பயன்படுத்தலாமா?

பழங்கன்சோல்:

அந்தக் கோப்பை இன்றே வேறு பெயருக்கு மாற்றிவிடுங்கள். அதை வைத்து டி20-ஐக் கட்டியிருந்தால் உங்கள் ரெய்டு 5 முழுவதும் அழிந்திருக்கும்.

காரணம் இதுதான். ரெய்டு 5 மெட்டாடிவைஸ் ஒன்றை முதன்முறையாக உருவாக்கும்போது, பாரிட்டி (இழந்த வட்டை மீட்க உதவும் கணக்கு) சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக மெட்டாஇனிட் எல்லா வட்டுகளையும் பூஜ்யத்தால் நிரப்பும். நிறுவிய நாளில் அதுதான் தேவை. ஆகவே அன்று எழுதிய கோப்பில் -கே இருக்காது. இப்போது உங்களுக்கு வேண்டியது, ஏற்கெனவே நிரம்பியிருக்கும் வட்டுகளின் மேல் அதே அமைப்பை அறிவிப்பது மட்டும். -கே என்ற தேர்வு "நிரப்பாதே, இருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்" என்று சொல்கிறது. மெட்டாஸ்டாட் -பி இன்றைய நிலையை எழுதித் தருவதால் அதையும் சேர்த்தே தருகிறது. பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்பு, அக்கறையோடு எழுதப்பட்டதாக இருந்தாலும், இந்த வேலைக்கு ஆகாது.

-கே கொடுத்தால் சர்வர் உங்கள் சொல்லை முழுமையாக நம்பும். ஆறு வட்டுகளின் வரிசையில் இரண்டு இடம் மாறியிருந்தாலும் டி20 நலமாக இருப்பதாகவே காட்டும், உள்ளே குப்பையாக வரும். அந்த நிலையில் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே -ஒய் ஓட்டினால் அது குப்பையைச் "சரிசெய்து" வட்டில் எழுதிவிடும். ஆகவே கட்டியவுடன் எதையும் எழுதாமல் பார்க்க மட்டும் செய்யும் எஃப்எஸ்சிகே -என், பிறகு படிக்க மட்டும் என்ற நிலையில் மவுன்ட், பிறகு சில பெரிய கோப்புகளின் செக்சம் ஒப்பீடு. மவுன்ட் ஆகிவிட்டது என்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். பிழைகள் கொட்டினால் கையை எடுத்துவிட்டு வரிசையைப் பாருங்கள். மெட்டாகிளியர் அமைப்பை மட்டுமே நீக்கும், தரவைத் தொடாது. வரிசையைத் திருத்தி மீண்டும் கட்டலாம்.

மிரருக்கும் ஒரு திருத்தம் வேண்டும். மெட்டாஸ்டாட் தந்த "டி10 -எம் டி11 டி12 1" என்ற வரியை அப்படியே கொடுத்தால் இரண்டு பாதிகளும் சமம் என்று எடுத்துக்கொண்டு, ஒத்திசைக்காமல் மிரரை உருவாக்கும். சமமாக இல்லாவிட்டால் ஒருமுறை ஒரு பாதியிலிருந்தும் மறுமுறை மற்றதிலிருந்தும் படித்துக் குழப்பும். ஆகவே "டி10 -எம் டி11" என்று ஒற்றைப் பாதியுடன் கட்டுங்கள். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு மெட்டாஅட்டாச் கொண்டு டி12-ஐச் சேருங்கள். அப்போது அது டி11-இலிருந்து முழுமையாக நகலெடுத்துக்கொள்ளும். அதுவரை டி12 தொடப்படாத பழைய நகலாக இருக்கும். டி20-க்கு அந்த வசதி கிடையாது, அதற்கு நாடாதான்.

இனி, அந்த ஆறு பிரதிகள். பழைய சர்வர் தொடர்ந்து ஓட வேண்டும் என்றீர்கள். ஆறில் நான்கு பெட்டியில் இருக்கின்றன. பெட்டியைக் கழற்றினால் மிஞ்சுவது இரண்டு. பாதிக்கும் குறைவாகப் போனால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் பேனிக் ஆகி நின்றுவிடும். மறுபடியும் பூட் செய்தால், பாதிக்கு மேல் ஒன்றாவது இல்லாததால் பலர் பயன்படுத்தும் நிலைக்கு வராமல் தனிப் பயனர் நிலையில் நின்றுவிடும். இது எனக்கே நேர்ந்தது. பெட்டியை நகர்த்தி முடித்த நிம்மதியில் பழைய சர்வரை ஏற்றினேன். போதுமான பிரதிகள் இல்லை, உடைந்தவற்றை மெட்டாடிபி கொண்டு நீக்கு என்ற செய்தியுடன் கன்சோல் நின்றது. ரூட் கடவுச்சொல் உள்ளவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. நீங்கள் முதலில் இரண்டாவது உள் வட்டில் இரண்டு பிரதிகளைச் சேர்த்துவிட்டு, பிறகு பெட்டியில் உள்ள நான்கையும் மெட்டாடிபி -டி கொண்டு நீக்குங்கள். கேபிளைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

மூலக்கோப்பு:

எல்லாம் படித்தேன், அருமையான விளக்கம். ஒரு யோசனை: புதிய சர்வரில் இதையெல்லாம் டிஸ்க்செட்டாகவே உருவாக்கிவிட்டால், அடுத்த முறை நகர்த்துவது எளிதாக இருக்குமே? மெட்டாசெட் -ஏ கொண்டு பன்னிரண்டு வட்டுகளையும் ஒரு செட்டில் சேர்த்துவிட்டு அதற்குள் டி10, டி20 கட்டலாம் அல்லவா?

பழங்கன்சோல்:

நோக்கம் சரி, வழி ஆபத்தானது. டிஸ்க்செட்டில் ஒரு வட்டைச் சேர்க்கும்போது, அதன் ஏழாவது ஸ்லைஸ் வட்டின் தொடக்கத்தில், பிரதியை வைக்கப் போதுமான அளவில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் வட்டை மறுபகிர்வு செய்துவிடும். இவருடைய வட்டுகள் டிஸ்க்செட்டுக்காகப் பகிரப்பட்டவை அல்ல. ஆகவே தரவு உள்ள வட்டுகளில் மெட்டாசெட் -ஏ செய்யவே கூடாது. புதிதாக வாங்கும் காலி வட்டுகளுக்கு உங்கள் யோசனை மிகவும் நல்லது.

நாடாக்காப்பு:

இரவுப்பணி அவர்களுக்கு ஒரு கூடுதல் வேண்டுகோள். நான் முன்பு சொன்ன சுழலாத வட்டு விஷயத்தை நகர்த்தும் இரவுக்கு விட்டுவைக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு முன்பே, சர்வரை முறையாக நிறுத்தி, பெட்டியையும் அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, மீண்டும் பழைய சர்வரிலேயே ஏற்றிப் பாருங்கள். அங்கே ஒரு வட்டு போனால் மிரரும் ரெய்டும் அதைத் தாங்கும். வட்டை மாற்றி மெட்டாரீப்ளேஸ் செய்துவிடலாம். புதிய சர்வரில், அமைப்பே இன்னும் கட்டப்படாத நிலையில், ரெய்டு 5-இன் ஒரு வட்டு எழவில்லை என்றால் -கே கொண்டு கட்டுவதற்கு ஆறாவது வட்டு இருக்காது. ஒரே பழுது, எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்துச் சிறியதாகவோ பெரியதாகவோ ஆகிறது.

பழங்கன்சோல்:

இதை நான் சொல்லியிருக்க வேண்டும், முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒத்திகையின்போதே "ஐஓஸ்டாட் -ஈஎன்" வெளியீட்டையும் சேமியுங்கள். ஒவ்வொரு வட்டின் தொடர் எண்ணும் அதில் வரும். புதிய சர்வரில் கன்ட்ரோலர் எண்கள் மாறினாலும் தொடர் எண் மாறாது. எது எது என்பதை ஐயமின்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

இரவுப்பணி:

ஒத்திகை முடிந்தது. நாடாக்காப்பு அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெட்டியை ஏற்றியபோது பதினொரு வட்டுகளின் பச்சை விளக்குகள் எரிந்தன, ஒன்று எரியவில்லை. காதை வைத்துக் கேட்டால் டிக், டிக் என்று ஒரு சத்தம், பிறகு அமைதி, மறுபடியும் டிக். அது சி3டி9டி0, டி12-இன் நடு வட்டு. சர்வர் ஏறியது, டி10 ஒற்றைப் பாதியில் ஓடியது, யாருக்கும் தெரியவில்லை. மாற்று வட்டைச் செருகி, பக்கத்து வட்டின் பிரிவு அட்டவணையைப் பிஆர்டிவிடிஓசி கொண்டு எடுத்து எஃப்எம்டிஹார்டு கொண்டு எழுதி, "மெட்டாரீப்ளேஸ் -ஈ டி10 சி3டி9டி0எஸ்0" கொடுத்தேன். இப்போது எல்லாம் நலம் என்று காட்டுகிறது.

நாடாவிலிருந்து இரண்டு அடைவுகளை மீட்டுப் பார்த்தேன், சரியாக வந்தன. நாடாவுக்குப் பிறகு மாறும் கோப்புகளுக்காக, நகர்த்தும் மாலையில் இன்னொரு நிலை 0 எடுக்கப்போகிறேன். சனிக்கிழமை இரவு நகர்த்தல்.

புதிய சர்வரில் அட்டையை மாட்டியாயிற்று. அதன் இரண்டு சேனல்களும் சி3, சி4 என்று வரும்போலத் தெரிகிறது. ஆகவே சேமித்த கோப்பில் சி2-ஐ சி3 ஆகவும், சி3-ஐ சி4 ஆகவும் உரையில் சொற்களை மாற்றும் செட் (sed) கட்டளையால் மாற்றிவிட்டு எம்டி.டேப்பில் வைக்கிறேன்.

செம்புக்கம்பி:

வரிசையைக் கவனியுங்கள். முதலில் சி2-ஐ சி3 ஆக்கிவிட்டுப் பிறகு சி3-ஐ சி4 ஆக்கினால், எல்லாமே சி4 ஆகிவிடும். முதலில் சி3-ஐ சி4 ஆக்குங்கள், அதன் பிறகு சி2-ஐ சி3 ஆக்குங்கள். உங்கள் இரண்டு பாதிகளின் டார்கெட் எண்கள் வேறு வேறு, ஒன்றில் 0 முதல் 5 வரை, மற்றதில் 8 முதல் 13 வரை என்பது நல்வாய்ப்பு. தவறினாலும் இல்லாத வட்டைத் தேடி மெட்டாஇனிட் நின்றுவிடும். கேபிள் இரண்டும் இடம் மாறி மாட்டப்பட்டிருந்தாலும் அதே எண்களால் உடனே தெரிந்துவிடும்.

மாட்டிய பிறகு நேராகப் பூட் செய்யாதீர்கள். இயங்குதளம் ஏறுவதற்கு முந்தைய ஓகே நிலையில், சர்வர் தானாகப் பூட் ஆவதை நிறுத்திவிட்டு, ரீசெட்-ஆல் கொடுத்து, அதற்குப் பிறகு புரோப்-ஸ்கஸி-ஆல் ஓட்டுங்கள். பன்னிரண்டு வட்டுகளும் அங்கேயே தெரிய வேண்டும். ஒரு பஸ்ஸில் வட்டுகள் வந்தும் போயும் இருந்தால் டெர்மினேட்டரைப் பாருங்கள். ஆறும் சேர்ந்து தெரியாவிட்டால் கேபிள்.

மூலக்கோப்பு:

இந்தக் கோப்புகளை என்எஃப்எஸ் வழியாகப் பிணையத்தில் பகிர்கிறீர்களா? அப்படியானால் கோப்புக் கைப்பிடிக்குள் கோப்பு முறைமையின் அடையாளமும், அதற்குள் டிவைஸ் எண்ணும் இருப்பதால், பழைய கிளையன்ட்டுகளுக்கு "ஸ்டேல்" பிழை வரும். முன்கூட்டியே எல்லாக் கிளையன்ட்டுகளிலும் அன்மவுன்ட் செய்துவிட்டுப் புதிய சர்வரிலிருந்து மவுன்ட் செய்யுங்கள். உரிமையாளர் எண்களையும் பாருங்கள்: வட்டில் இருப்பது எண் மட்டும்தான். பழைய சர்வரில் 1004 ஆக இருந்தவர் புதிய சர்வரில் வேறொருவராக இருந்தால், அவருடைய கோப்புகள் இவர் கைக்குப் போய்விடும். "எல்எஸ் -எல்என்" போதும்.

எந்தக் கோப்பு முறைமையை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் விஎஃப்எஸ்டேப் கோப்பில் புதிய வரிகளைச் சேர்க்கும்போது, பூட் ஆகும்போது மவுன்ட் செய் என்ற இடத்தில் முதலில் "நோ" என்றே எழுதுங்கள். சோலாரிஸ் 10-இல் சேவைகளை நிர்வகிக்கும் எஸ்எம்எஃப் வந்துவிட்டது. ஒரு மவுன்ட் தவறினால் உள்ளூர்க் கோப்பு முறைமைச் சேவை பராமரிப்பு நிலைக்குப் போய், அதைச் சார்ந்த மற்ற சேவைகள் ஏறாமல், தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் கூட நுழையாது. கன்சோல் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு இது பெரிய துன்பம்.

நீலத்திரை:

இடையில் ஒரு கேள்வி. எங்களிடம் இதே போன்ற வேலை வரப்போகிறது, ஆனால் அங்கே இருப்பது வெரிடாஸ் வால்யூம் மேனேஜர். இன்னொரு பெட்டியில் இசட்எஃப்எஸ். அவற்றுக்கும் இவ்வளவு உழைப்பு வேண்டுமா? புதிய சர்வர் எக்ஸ்86 வகையாகவும் இருக்கலாம்.

பழங்கன்சோல்:

வேண்டாம், அவை அமைப்பு விவரத்தை வட்டிலேயே சுமந்து செல்கின்றன. வெரிடாஸில் ஒவ்வொரு வட்டின் தனிப் பகுதியிலும் டிஸ்க் குரூப்பின் அமைப்பும், அதை வைத்திருக்கும் சர்வரின் அடையாளமும் எழுதப்பட்டிருக்கும். பழைய சர்வரில் விஎக்ஸ்டிஜி டிபோர்ட், புதியதில் விஎக்ஸ்டிஜி இம்போர்ட், பிறகு வால்யூம்களைத் தொடங்குதல், அவ்வளவுதான். டிபோர்ட் செய்யாமலே சர்வர் செத்துப்போயிருந்தால் -சி தேர்வு கொண்டு அந்த அடையாளத்தை அழித்து இம்போர்ட் செய்யலாம்.

இசட்எஃப்எஸ் இன்னும் எளிது. ஒவ்வொரு வட்டிலும் லேபிளின் நான்கு பிரதிகள், தொடக்கத்தில் இரண்டும் கடைசியில் இரண்டுமாக இருக்கின்றன. கன்ட்ரோலர் எண் என்னவாக மாறினாலும் இசட்பூல் இம்போர்ட் வட்டுகளைத் தேடிப் பூலை, அதாவது அந்த வட்டுத் தொகுப்பை, தானே கூட்டிக்கொள்ளும். பழைய சர்வரில் எக்ஸ்போர்ட் செய்ய மறந்தால், வேறொரு சர்வர் பயன்படுத்தியது என்று சொல்லி மறுக்கும், -எஃப் கேட்கும். பழைய சர்வர் கேபிள் வழியாக அந்த வட்டுகளை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையில் -எஃப் கொடுத்தால், இரண்டு சர்வர்கள் ஒரே பூலில் எழுதும், பூல் மிஞ்சாது. அந்த மறுப்பை ஓர் இடையூறாக நினைத்துக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும். மேலும், இம்போர்ட் செய்தவுடன் இசட்பூல் அப்கிரேடு செய்துவிடாதீர்கள். பூலின் பதிப்பு உயர்ந்தபின் பழைய சர்வரால் படிக்க முடியாது.

ஸ்பார்க்கிலிருந்து எக்ஸ்86-க்கு இசட்எஃப்எஸ் பூல் தாராளமாகப் போகும். பைட் வரிசையை அது தானே பார்த்துக்கொள்ளும். யுஎஃப்எஸ் போகாது. ஆகவே இரவுப்பணி ஸ்பார்க்கிலிருந்து ஸ்பார்க்குக்கு மாறுவதால்தான் இந்த இழையில் சொன்னதெல்லாம் செல்லுபடியாகிறது.

இரவுப்பணி:

ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டி புதிய சர்வரில் ஓடிக்கொண்டிருக்கிறது. நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

மாலையில் நாடா. பிறகு கிளையன்ட்டுகளை அன்மவுன்ட் செய்து, பழைய சர்வரில் எஃப்யூசர் -சியூ கொண்டு பார்த்தால் ஒரு பயனரின் ஷெல் இன்னும் உள்ளே நின்றுகொண்டிருந்தது. அவரிடம் சொல்லி மூடச் செய்தேன். அன்மவுன்ட் செய்து, இரண்டு கோப்பு முறைமைகளும் சுத்தமாக இருப்பதை எஃப்எஸ்சிகே -எம் கொண்டு உறுதி செய்தேன். மெட்டாஸ்டாட் -பி வெளியீட்டை மூன்று இடங்களில் சேமித்த பிறகே மெட்டாகிளியர் செய்தேன். உள் வட்டில் இரண்டு பிரதிகளைச் சேர்த்து, பெட்டியில் இருந்த நான்கையும் நீக்கினேன். விஎஃப்எஸ்டேப்பில் அந்த இரண்டு வரிகளையும் செயல்படாத குறிப்பு வரிகளாக மாற்றிவிட்டு, பழைய சர்வரை நிறுத்திப் பெட்டியைக் கழற்றி மீண்டும் ஏற்றினேன். எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. டிஎன்எஸ் பத்து நிமிடம் மட்டும் நின்றது.

புதிய சர்வரில் ஓகே நிலையில் புரோப் செய்தபோது பத்து வட்டுகள் மட்டும் தெரிந்தன. நெஞ்சு அடைத்துவிட்டது. செம்புக்கம்பி சொன்னதை நினைத்து இரண்டு டெர்மினேட்டர்களையும் கையால் அசைத்தேன். இரண்டாவதின் ஒரு திருகு பிடிக்கவே இல்லை. இறுக்கியபின் பன்னிரண்டும் வந்தன. வட்டுகளைப் புதிதாகக் கண்டறியும் மறுகட்டமைப்பு பூட் முடிந்த பிறகு தொடர் எண்களை ஒவ்வொன்றாகத் தாளில் வைத்து ஒப்பிட்டு டிக் அடித்தேன். அதற்கு இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம் இல்லாமல் -கே கொடுக்க எனக்குத் துணிவு வந்திருக்காது.

புதிய சர்வரின் உள் வட்டில் முதலில் அதற்கென்று பிரதிகளை உருவாக்கினேன். முதல்முறை என்பதால் மெட்டாடிபி -ஏ உடன் -எஃப் கேட்டது. பிறகு டி11, பிறகு ஒற்றைப் பாதியுடன் டி10, கடைசியாக டி20. எஃப்எஸ்சிகே -என் இரண்டிலும் ஒரு பிழையும் சொல்லவில்லை. படிக்க மட்டும் மவுன்ட் செய்து, முன்பே எடுத்துவைத்த 40 பெரிய கோப்புகளின் செக்சமை ஒப்பிட்டேன், அனைத்தும் பொருந்தின. அதற்குப் பிறகே எழுதும் நிலையில் மவுன்ட் செய்தேன். டி12-ஐ மட்டும் இன்னும் சேர்க்கவில்லை. பயனர்கள் திங்கட்கிழமை ஒருநாள் வேலை செய்து பார்த்த பிறகு சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். அதுவரை டி10 ஒற்றைக் காலில் நிற்பது சரியா?

நாடாக்காப்பு:

நான் இன்றே சேர்ப்பேன். செக்சம் பொருந்திவிட்டது, நாடா இருக்கிறது. டி12 என்ற பழைய நகலின் பயன் தீர்ந்துவிட்டது. டி11 மூன்று வட்டுகளில் தரவைப் பிரித்து எழுதும் ஸ்ட்ரைப். ஒன்று போனாலும் அத்தனையும் போய்விடும். ஒத்திகையில் ஒரு வட்டு போன பெட்டி இது என்பதை மறக்கக் கூடாது.

பழங்கன்சோல்:

நானும் இன்றே என்கிறேன். ஒத்திசைவு ஓடும்போது படிக்கும் வேகம் குறையும்; அதற்கும் ஞாயிறே ஏற்றது.

இரவுப்பணி:

மெட்டாஅட்டாச் கொடுத்துவிட்டேன். மதியம் 61 சதவீதம் என்றது, இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. விஎஃப்எஸ்டேப்பில் இரண்டு வரிகளையும் "எஸ்" என்று மாற்றி, கன்சோலில் உட்கார்ந்தபடியே ஒருமுறை பூட் செய்து பார்த்தேன். இரண்டும் தாமாக மவுன்ட் ஆயின, கிளையன்ட்டுகள் புதிதாக மவுன்ட் செய்துகொண்டன. உரிமையாளர் எண்களில் இரண்டு பேர் மோதினார்கள். உரிமையாளரை மாற்றும் சோன் (chown) கட்டளை கொண்டு மாற்றிவிட்டேன். கையால் எழுதிய அந்தப் பழைய எம்டி.டேப்பை அழிக்கவில்லை, அதன் முதல் வரியில், டி20-ஐ இதிலிருந்து கட்டக் கூடாது, -கே இல்லை என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். சி3டி9டி0-இன் இடத்தில் மாட்டிய மாற்று வட்டு கையிருப்பில் இருந்த கடைசி வட்டு. நாளை காலை முதல் வேலையாக இன்னும் இரண்டுக்கு எழுதிக் கேட்கிறேன்.